நெடுந்தீவில் ஓடிய வான்

விற்பனைக்கு நின்ற அந்த வானை பவதாரணி மூன்று தரம் சுற்றி வந்துவிட்டாள். நான் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு வயது அறுபத்தொன்று, வானுக்கு இருபதுக்கு மேல். எங்கள் இருவரில் வான்தான் இளமையாகத் தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வேலணைச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது சயந்தனின் வாகன விற்பனை நிலையம். தகரக் கொட்டகைக்குக் கீழே மூன்று ஓட்டோ, ஒரு பிக்கப், நடுவில் வெள்ளை டொல்பின் வான். கழுவித் துடைத்து, ரயருக்குக் கறுப்புப் பூசி, பெண் வீட்டார் பார்க்க வருகிற மாப்பிள்ளையைப் போல நிறுத்தியிருந்தார்கள்.

பவதாரணியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருடம் ஒரு லீசிங் கம்பனியில் இருந்தவள். தவணை கட்டாதவர்களின் வாகனங்களைத் தேடிப் பிடித்துத் தூக்கி வருவதுதான் வேலை. ஒருநாள் அதை உதறிவிட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, பழைய வாகனம் வாங்குகிறவர்கள் ஏமாறாமல் பார்த்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினாள். புது வாகனம் நாட்டுக்குள் வராமல் இருந்த வருடங்களில் பழசுக்கெல்லாம் கிராக்கி ஏறி, ஏமாற்றுக்காரர்களுக்கும் நல்ல காலம் பிறந்திருந்தது. எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

நான் ஆழ்வாப்பிள்ளை. தீவுப்பகுதி பஸ்களில் முப்பத்தொரு வருடம் கொண்டக்ரர். ‘ரிக்கற்றைப் பின்னால வாற ஆள் எடுப்பார்’ என்று சொன்ன சனங்களோடு வாழ்க்கையைக் கழித்தவன். அதனால் எனக்கு ஒருவரையும் நம்ப வராது. “அந்த ஒரு தகுதி காணும் அண்ணை” என்று சொல்லித்தான் பவதாரணி என்னை உதவிக்கு வைத்துக்கொண்டாள்.

“மீற்றரைப் பாருங்கோ மிஸ்,” என்றான் சயந்தன். நாற்பது வயது. சேர்ட்டை உள்ளே விட்டு, செண்ட் அடித்திருந்தான். “முப்பத்தேழாயிரத்துச் சொச்சம். அதிலயும் பாதி யப்பானில ஓடினது.”

“இவ்வளவு காலத்துக்கு அவ்வளவுதானோ?” என்றேன். “என்ர செருப்பு இதைவிடக் கூட ஓடியிருக்கும்.”

“ஐயா, இது நெடுந்தீவில நிண்ட வான். கனடாவில இருக்கிற ஒராள் ஊருக்கு வந்தா ஓடலாம் எண்டு வாங்கி விட்டவர். அங்க கிழக்கால போனாலும் கடல், மேற்கால போனாலும் கடல். பாவம், மீற்றர் எங்க போய் ஓடுறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பதில்தான். ஆனால் கேட்க முதலே பதில் வைத்திருக்கிற ஆளிடம்தான் பஸ்ஸில் நான் முதலில் ரிக்கற் கேட்பது.

எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள் ஜெனீற்றா. ஊர்காவற்றுறைக்காரி, இருபத்தேழு வயது. அவளுடைய தகப்பன் அம்புறோஸ் மீன்பிடிக்காரர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் கடலுக்குப் போனால் படுக்கைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஜெனீற்றாவிடம் வான் ஓடும் லைசென்ஸ் இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து இறங்கும் நயினாதீவுச் சனத்தை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். காசுக்குப் பதிலாகச் சயந்தன் கேட்டது, அம்புறோசின் வள்ளத்தையும் எஞ்சினையும் வலைகளையும். மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு ஊர்காவற்றுறைக் கரையில் கைமாறுவதாகப் பேச்சு.

“இந்த வான் பிழைச்சால் எங்களுக்குக் கடலும் இல்லை, றோட்டும் இல்லை மிஸ்,” என்றாள் ஜெனீற்றா. “அப்பா நம்பிட்டார். கொழும்பு வாகனமெண்டால் பயந்திருப்பார். தீவு வாகனம் எண்டவுடன இது எங்கட ஆக்கள் மாதிரி எண்டிட்டார்.”

“சும்மா பயப்பிடாத மச்சாள்,” என்றான் பக்கத்தில் நின்ற டிலோன். அம்புறோசின் தங்கை மகன். மாமனோடு வள்ளத்தில் போய் வளர்ந்தவன். இந்த வானை முதலில் கண்டு வந்து சொன்னவனும் அவன்தான். வந்த எங்களுக்குச் சோடா வாங்கித் தந்தான், எனக்குக் கதிரையும் எடுத்துப் போட்டான். “மிஸ் பாத்து ஓமெண்டால் எங்களுக்கும் நிம்மதிதானே.”

பவதாரணி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சீற் உறை புதிது. ஸ்ரியறிங் உறை புதிது. கியர்த் தடியின் பிடி புதிது. கால் மிதிகளின் ரப்பர் புதிது.

“எல்லாம் மாத்தியிருக்கிறீர்?” என்று கேட்டாள்.

“வாங்கிற ஆக்களுக்கு வடிவா இருக்கட்டும் எண்டுதான் மிஸ்.”

அவள் தோளுக்குப் பக்கத்தில் தொங்கிய சீற் பெல்ற்றை இழுத்தாள். விட்டாள். திரும்ப இழுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி, மீற்றரில் இருந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு வானின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு, பழைய சொந்தக்காரரின் நெடுந்தீவு விலாசத்தையும் எழுதினாள்.

“ஒருக்கா ஓடிக் காட்டும்,” என்றாள்.

சயந்தன் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, சந்தி வரை போய்த் திரும்பி வந்தான். எஞ்சின் பூனைக்குட்டி மாதிரிக் கிடந்தது. ஜெனீற்றாவின் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

“பாத்துச் சொல்லுறம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு பவதாரணி ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் ஏறினேன்.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள்.

“அண்ணை, சயந்தன் வானை ஓடேக்க என்னத்தைத் தொட்டவன்?”

“சீற். ஸ்ரியறிங். கியர். மிதி. கண்ணாடி.”

“அதில எது புதிசு?”

“எல்லாம்தான்.”

“என்னத்தைத் தொடேல்லை?”

யோசித்தேன். சந்தி வரை போய் வந்தவன் பெல்ற் போடவில்லை. எங்கள் தீவுகளில் யார் போடுகிறார்கள்? முப்பத்தொரு வருடத்தில் பஸ் ஓட்டினவர்கள் பெல்ற்றைத் தொட்டு நான் பார்த்தது, மழையில் நனைந்த துண்டைக் காயப்போடத்தான்.

“பெல்ற்,” என்றேன்.

“அதுதான். அவன் தன்ர உடம்பு படுகிற இடமெல்லாம் மாத்தியிருக்கிறான். பெல்ற் எண்டு ஒரு சாமான் தேயும் எண்டு அவனுக்கு யோசனை வரேல்லை, ஏனெண்டால் அவன் அதைப் போடுறதே இல்லை. அந்தப் பெல்ற் விளிம்பெல்லாம் நூல் கிளம்பி, நெஞ்சு படுகிற இடம் வேர்வையில மினுங்கிப்போய், இழுத்து விட்டால் திரும்பிச் சுருளுதில்லை. நெடுந்தீவில நிண்ட வானில ஆர் அப்பிடிப் பெல்ற் போட்டது? இது பொலிஸ் மறிக்கிற றோட்டில, நாள் முழுக்க, வருசக் கணக்கா ஓடின வான். மூண்டு லச்சம் கிலோமீற்றருக்குக் குறையாது.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோசம் இரண்டு நிமிடம்தான் நிலைத்தது. பவதாரணி ஜெனீற்றாவுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற டிலோன் போனை வாங்கினான்.

“மிஸ், கனடாக்காரர் பெல்ற் போடாமல் அசைய மாட்டினம். என்ர சித்தப்பாவும் அங்க இருந்து வந்து மாட்டு வண்டில்ல ஏறினாலும் பெல்ற் தேடுறவர்,” என்றான். அந்தப் பக்கம் ஜெனீற்றா சிரிப்பது எனக்கே கேட்டது.

பவதாரணி போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மதகில் உட்கார்ந்தாள்.

“பொடியன் கெட்டிக்காரன்,” என்றாள். “நான் கேட்டு முடிக்க முதல் பதில் வந்திட்டுது.”

“அப்ப பெல்ற் கதை முடிஞ்சுதோ?”

“முடியேல்லை. ஆனால் ஒரு பெல்ற்றை வைச்சு அம்புறோஸ் அண்ணையின்ர மனதை மாத்த ஏலாது.” கொப்பியில் எழுதிய நெடுந்தீவு விலாசத்தை எடுத்துப் பார்த்தாள். “அண்ணை, புத்தகம் நெடுந்தீவு எண்டுது, பெல்ற் இல்லை எண்டுது. அப்ப இந்த நம்பர் வேற வானின்ரயா இருக்கும். இப்பிடி வேற வாகனத்தின்ர நம்பரோட வாறதெல்லாம் பெரும்பாலும் லீசிங் கட்டாமல் மறைச்ச வாகனம்தான். கம்பனி ஒருநாள் கண்டுபிடிக்கும். வாங்கின ஆளின்ர வாசலில வந்து நிண்டு தூக்கும். நான் நிண்டிருக்கிறன். கோப்பாயில ஒரு மனிசன் ஓட்டோவுக்கு முன்னால படுத்திட்டார். அவர் ஒரு பிழையும் செய்யேல்லை. ஆரோ வித்ததை வாங்கினது மட்டும்தான். அவரை நாலு பேர் தூக்கி விலத்த, நான் கையெழுத்து வாங்கினனான்.”

அவள் ஏன் அந்த வேலையை விட்டாள் என்று நான் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் தேவையில்லை.

“பிள்ளை, எனக்கு ஒரு சந்தேகம்,” என்றேன். “நெடுந்தீவுக்கு வாகனம் போறதைக் கண்டிருக்கிறன். பார்ஜ் எண்ட தட்டைப் படகில ஏத்திக் கொண்டு போவினம். திரும்பி வந்ததை நான் காணேல்லை. போக ஒரு கூலி, வர ஒரு கூலி. வாறதுக்கிடையில உப்புக் காத்து அதைத் திண்டிடும். பிறகு ஆர் செலவழிச்சு ஏத்துறது? இந்த வான் எப்பிடி வந்தது?”

பவதாரணி எழுந்து நின்றாள். “உங்களுக்குச் சம்பளம் கூட்டித் தரவேணும் அண்ணை.”

அதை அவள் அடிக்கடி சொல்வாள். அதோடு சரி.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். படகுகளில் சாமான் ஏற்றுகிறவர்கள் முழுப் பேரும் என்னை அறிவார்கள். அந்த வருடத்தில் நெடுந்தீவிலிருந்து ஒரு வெள்ளை வான் வந்து இறங்கியதா என்று கேட்டேன்.

“என்ன கொண்டக்ரர் அண்ணை, பகிடியோ?” என்றான் ஒருவன். “ஒரு ஆடு வந்து இறங்கினாலும் ஆரின்ர ஆடு எண்டு சொல்லுவம். டொல்பின் வானை மறப்பமே?”

வரவில்லை. அந்த வருடமும் வரவில்லை, அதற்கு முந்தின வருடமும் வரவில்லை.

“அப்ப வான் அங்கதான் நிக்கவேணும்,” என்றாள் பவதாரணி. அடுத்த படகில் ஏறினோம்.

கடல் அன்றைக்கு நல்ல குணத்தில் இல்லை. நான் ஒரு மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளையும் தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். இறங்கி ஓட்டோ பிடித்து விலாசத்தைச் சொன்னதும், “சறோஜினிதேவி அக்கா வீடோ?” என்று கேட்டான் ஓட்டோக்காரன். பவள முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே பத்து நிமிட ஓட்டம். ஓட்டோக்காரனும் பெல்ற் போடவில்லை, ஓட்டோவுக்கு அது இல்லை என்றாலும் நான் கவனித்தேன். சந்தேகம் ஒரு தொற்று நோய்.

சறோஜினிதேவி கனடாக்காரரின் அக்கா. தம்பியின் வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்கிற மனுசி. வான் விசயமாக வந்தோம் என்றதும் முகம் மாறிவிட்டது.

“வானோ? பின்னால நிக்குது, போய்ப் பாருங்கோ. முதல் என்ர ஒடியல் மூட்டை எங்க?”

காயவைத்த பனங்கிழங்கை எங்களிடம் ஏன் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. முதலில் பின்னால் போனோம்.

பனையோலைக் கொட்டிலுக்குள் நின்றது வான். ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது கீழ்ப்பாதி முழுக்கத் துரு, கையை வைத்தால் கை பழுப்பாகிறது. ரயர் நாலும் மண்ணில் புதைந்திருந்தன. ஓட்டுநர் சீற்றில் ஒரு கோழிப்பேடு அடைகாத்துக்கொண்டிருந்தது, என்னைக் கண்டதும் இது என் வாகனம் என்பது போலப் பார்த்தது. முன்னும் பின்னும் நம்பர் தகடுகள் இல்லை. அடிச்சட்டத்தில் செசி நம்பர் அடித்திருந்த துண்டை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

பவதாரணி கோழியை விலக்காமல் குனிந்து, தூசி துடைத்து மீற்றரைப் படித்தாள். கொப்பியைப் புரட்டினாள்.

“இதில இருக்கிறதுக்கும் வேலணை வானுக்கும் பதினேழு கிலோமீற்றர் வித்தியாசம். இதைப் பாத்துத்தான் அதைத் திருப்பியிருக்கிறாங்கள். பதினேழும் ஆக்களுக்கு ஓடிக் காட்டினது.” போனில் படமெடுத்தாள். “புத்தகம் உண்மை. நம்பர் உண்மை. ஓடாத வான் எண்டதும் உண்மை. வான் மட்டும் வேற.”

வாசலுக்கு வந்து சறோஜினிதேவியிடம் கேட்டோம். மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பேர் இரும்புக்கு வாங்க வந்தார்களாம்.

“பிறகு பார்த்தால் பார்ஜ் கூலி கட்டாது, வான் நிக்கட்டும், தகடும் புத்தகமும் காணும் எண்டாங்கள். தம்பியும் கனடாவில இருந்து கையெழுத்து வைச்சு அனுப்பினவன். சனியன் போகட்டும் எண்டு விட்டிட்டன். ஒருத்தன் செண்ட் மணக்க நிண்டான், அவன்தான் கதைச்சவன். மற்றவன் வள்ளம் ஓட்டி வந்தவன்.”

“எல்லாரும் வாற சேவிஸ் படகில வரேல்லையோ அன்ரி?”

“இல்லைப் பிள்ளை, தனி வள்ளம். அதாலதான் ஏமாந்தனான். யாழ்ப்பாணத்தில இருக்கிற மகளுக்கு ஒரு மூட்டை ஒடியல், நானே காயவைச்சது, அந்த வள்ளக்காரப் பொடியனிட்டக் குடுத்து, துறைமட்டும் கூடப் போய் ஏத்திவிட்டனான். ‘நான் கட்டாயம் சேர்ப்பன் அம்மா’ எண்டான். இண்டு வரைக்கும் சேரேல்லை! மூண்டு மாசமா குறிகட்டுவானால வாறவன் போறவன் எல்லாரிட்டயும் அந்த வள்ளத்தைக் கேக்கிறன். நீல வள்ளம். முன்னுக்கு மாதா படம். பக்கத்தில ‘பிலோமினா’ எண்டு பேர்.”

எனக்கு அந்த வள்ளத்தைத் தெரியும். ஊர்காவற்றுறைக் கரையில் அந்தப் பெயர் எழுதிய நீல வள்ளம் ஒன்றுதான். அம்புறோஸ் தன் மனைவி பிலோமினம்மாவின் பெயரை வைத்த வள்ளம். தினமும் அந்தக் கரை வழியே பஸ்ஸில் போனவன் நான்.

“அம்புறோஸ்தான் ஆளோ?” என்றேன், ஓட்டோவில் திரும்பும்போது. “பாவம் எண்டு நினைச்சன்.”

“தன்ர வள்ளத்தைப் பறிகுடுக்கத் தானே உதவுவாரோ அண்ணை? முதுகு ஏலாமல் போனாப்பிறகு அந்த வள்ளத்தை எடுத்து ஓடுறது ஆர்?”

டிலோன். சோடா வாங்கித் தந்தவன். கதிரை போட்டுத் தந்தவன். எனக்கு அந்தச் சோடா இப்போதுதான் கசந்தது.

பவதாரணி ஜெனீற்றாவின் போனுக்கு எடுத்தாள். எடுத்தது டிலோன். “மச்சாள் குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிறா மிஸ். என்ன விசயம்?”

பவதாரணி ஒரு கணம்தான் யோசித்தாள்.

“ஒண்டுமில்லை. வடிவா விசாரிச்சுப் பாத்தன். நல்ல வான். பயப்பிடாமல் எடுக்கச் சொல்லும்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“பிள்ளை! என்ன சொன்னனீங்கள்?”

“வேற என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொன்னால் நாலு மணிக்கு வானும் இராது, சயந்தனும் இரான், புத்தகமும் நெருப்பில போயிடும். இப்ப ரெண்டு பேரும் சந்தோசமா வானோட வந்து நிப்பினம்.” அவளுடைய குரல் அவ்வளவு திடமாக இல்லை. “ஆனால் நாங்கள் பிந்தினால், என்ர வாயை நம்பி அந்தக் குடும்பம் வள்ளத்தைக் குடுத்திடும்.”

பிந்தினோம். படகு சனம் சேரும் வரை நின்றது, பிறகு காற்றோடு மல்லுக்கட்டியது. குறிகட்டுவானில் கால் வைக்கும்போது மூன்றேகால். ஜெனீற்றாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பவதாரணி ஊர்காவற்றுறைப் பொலிசுக்கு எடுத்து, நாலு மணிக்கு ஊர்காவற்றுறைக் கரையில் கைமாறப்போகிற வானின் கதையைச் சொல்லி, தான் எடுத்த படத்தையும் அனுப்பினாள். “பாக்கிறம்” என்றார்களாம். எப்போது பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை.

மடத்துவெளியைத் தாண்டி, கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் ஸ்கூட்டர் பறந்தது. காற்று குறுக்கே அடித்தது. இந்தப் பாதையில் எத்தனை ஆயிரம் தரம் போயிருப்பேன், ஒருநாளும் பஸ் மெதுவாகப் போகிறது என்று நான் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்குத்தான் என் பயணிகளின் துன்பம் விளங்கியது.

ஊர்காவற்றுறைக் கரையில் போய் நின்றபோது நாலு பத்து.

வெள்ளை வான் கரையோரமாக நின்றது. ஜெனீற்றா அதன் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். பிலோமினம்மா செபமாலையோடு ஒரு கல்லில் இருந்தார். நீல வள்ளத்தின் முன்புற அணியத்தில் கை வைத்தபடி, முதுகு வளைந்து நின்றார் அம்புறோஸ். வள்ளத்தின் பத்திரங்கள் வைத்த பொலித்தீன் பை சயந்தனின் கையில் இருந்தது. கைமாறி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டிலோன் வள்ளத்துக்குள் ஏறி எஞ்சினை மூடியிருந்த சாக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

“வாங்கோ மிஸ்!” என்றான் சயந்தன், வாய் நிறையச் சிரித்து. “நீங்கள் நல்ல சொல் சொன்னதால எல்லாம் சுகமா முடிஞ்சுது.”

நான் வாயைத் திறந்தேன். பவதாரணி என் கையை அழுத்தினாள். அவள் சயந்தனைப் பார்க்கவே இல்லை. வள்ளத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கதை கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“டிலோன், நெடுந்தீவில ஒரு அம்மா தன்ர ஒடியல் மூட்டையைத் தேடுறா. மூண்டு மாசமாச்சாம்.”

டிலோன் சாக்கும் கையுமாக அப்படியே நின்றான். ஆனால் வாயை விட்டது அவன் இல்லை.

“நான் அண்டைக்கே சொன்னனான்தானே!” என்று கத்தினான் சயந்தன். “அந்த மூட்டையைக் கொண்டுபோய்க் குடுத்துத் துலை எண்டு! ஒடியலுக்கு ஆசைப்பட்டு—”

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று.

பவதாரணி போனை எடுத்து, கோழி அடைகாக்கிற வானின் படத்தை ஜெனீற்றாவிடம் காட்டினாள். சுருக்கமாகச் சொன்னாள். உண்மையான நெடுந்தீவு வான் இது. அதன் தகடும் புத்தகமும் எடுத்து இதற்குப் பூட்டியிருக்கிறார்கள். இன்னும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ யாரோ வந்து இந்த வானைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்போது வள்ளம் இருக்காது.

ஜெனீற்றா வான் கதவிலிருந்து கையை எடுத்தாள். சுடுகிற சட்டியிலிருந்து எடுப்பது போல எடுத்தாள்.

“எனக்கும் ஒண்டும் தெரியாது மிஸ், என்னையும்தான் ஏமாத்திப்போட்டாங்கள்,” என்று சயந்தன் தொடங்கினான். கரைப்பக்கமாகப் பொலிஸ் ஜீப் ஒன்று வருவதைக் கண்டு நிறுத்தினான். ‘பாக்கிறம்’ என்றவர்கள் இவ்வளவு கெதியாகப் பார்ப்பார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவர்களைச் சந்தேகித்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அம்புறோஸ் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் பார்க்கச் சுகமாக இருந்திருக்கும்.

“உனக்கு என்னடா இதில?” என்று கேட்டார்.

“வள்ளம்,” என்றான் டிலோன். “வானைக் குடுத்து எடுக்கிற வள்ளத்தைச் சயந்தன் அண்ணை எனக்குத் தாறதெண்டு கதை. எஞ்சினும் வலையும் அவருக்கு. தகட்டை எடுத்து வந்து குடுத்ததுக்கு.”

“என்னட்டக் கேட்டிருக்கலாமேடா.”

“கேட்டனான் மாமா.” கையிலிருந்த சாக்கை முறுக்கினான். “மூண்டு தரம் கேட்டனான். பதினாலு வயசில இருந்து உங்களோட இந்த வள்ளத்தில வாறன். முதல் தரம் பாப்பம் எண்டனீங்கள். ரெண்டாந்தரம் சிரிச்சனீங்கள். மூண்டாந்தரம் காது கேக்காத மாதிரி இருந்தனீங்கள்.”

அது பொய்யில்லை என்று அம்புறோசின் முகத்தில் தெரிந்தது. நான் எத்தனையோ பொய்க்காரர்களைப் பிடித்தவன். உண்மை சொல்கிற ஒரு திருடனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கிழவர் அணியத்தைத் தடவினார்.

“நாலாந்தரம் கேட்டிருந்தால் தந்திருப்பன்,” என்றார். “இந்த முதுகோட நான் இதை வைச்சு என்ன செய்ய?”

டிலோன் வள்ளத்துக்குள்ளேயே குந்திவிட்டான். முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டான்.

ஜெனீற்றா சயந்தனுக்கு முன்னால் போய், அவன் கையிலிருந்த பொலித்தீன் பையை வாங்கினாள். பத்திரங்கள் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வள்ளத்தடிக்கு வந்தாள்.

“அப்பா தந்திருப்பார்,” என்றாள் டிலோனிடம். “நான் விட்டிருக்க மாட்டன். அப்பாவின்ர மருந்து, அம்மாவின்ர கண் வைத்தியம், எல்லாம் இந்த வள்ளத்தின்ர விலைக்குள்ளதான் கிடக்கு. நீ என்னட்ட ஒருக்காலும் கேக்கேல்லை. ஏனெண்டால் நான் இல்லை எண்டு சொல்லுவன், ஏன் இல்லை எண்டும் சொல்லுவன். இறங்கு.”

அவன் இறங்கினான். பொலிஸ்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஜெனீற்றா பையைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, ஈரமணலில் கால் புதைய, வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக் கட்டத் தொடங்கினாள்.